“பேரிடருக்கு நீங்கள் தயாரா?” ஆம் என்று டிக் அடித்துவிட்டேன், தூக்கம் வரவில்லை

பாமணிக்கரை | அக்டோபர் 3, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அறுபது படுக்கை. ஒன்பது வருட சர்வீஸ்.

போன வாரம் ஒரு நர்சிங் கல்லூரிப் பெண் வந்து கேள்வித்தாள் கொடுத்தாள். மருத்துவமனைப் பணியாளர்கள் பேரிடருக்கு எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று ஆய்வு. பேரிடர் என்றால் என்ன, ட்ரையாஜில், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளைப் பிரிப்பதில், சிவப்புப் பட்டை யாருக்கு, உங்கள் மருத்துவமனையில் பேரிடர் திட்டம் இருக்கிறதா, அதில் உங்கள் வேலை என்னவென்று தெரியுமா... முப்பது கேள்வி. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்தேன். கடைசியில், ‘பேரிடர் நேரத்தில் பணியாற்ற நீங்கள் தயாரா?’ ஆம். டிக்.

அன்று எனக்கு நைட். இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. எப்போதும் பத்து எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் பிடித்துவிடும். அன்று பிடிக்கவில்லை. வாட்ச்மேன் ஓடினார். ஜெனரேட்டர் அறை பூட்டியிருந்தது. சாவி எலக்ட்ரீஷியனிடம், எலக்ட்ரீஷியன் நீடாமங்கலத்தில். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இரண்டு பேர். பேட்டரி தாங்கியது. நான் ஒரு பக்கம், டூட்டி டாக்டர் ஒரு பக்கம், ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை) வைத்துக்கொண்டு மானிட்டர் வெளிச்சத்தில் நின்றோம். நாலு நிமிடத்தில் கரண்ட் தானாக வந்துவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் மறுநாள் யாரும் பேசவும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கப்போகிறது. நான் போட்ட அந்த டிக் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் இடத்திலெல்லாம் எப்படி?

ஷிஃப்டு_முடியல | அக்டோபர் 3, இரவு 11:52

சிஸ்டர், இங்கே முப்பது நோயாளிக்கு நானும் ஒரு பெண்ணும்தான் நர்ஸ். அந்தப் பெண் படிப்பு முடித்தே ஆறு மாதம்தான். எங்களுக்குத் தினமும் பேரிடர்தான். புதிதாக ஒன்று வந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கட்டும்.

ஆய்வேடு_அவஸ்தை | அக்டோபர் 4, காலை 6:15

அக்கா, உங்களிடம் வந்த பெண் நானில்லை. ஆனால் நானும் அதே மாதிரி ஒரு பெண்தான், எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டு, இதே தலைப்பு. அதனால் கொஞ்சம் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் மூன்று பகுதியாக இருக்கும். தெரியுமா, என்ன நினைக்கிறீர்கள், செய்கிறீர்களா. பல ஊர்களில் செய்த ஆய்வுகளைப் படித்தால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான். ‘என்ன நினைக்கிறீர்கள்’ உயரத்தில் இருக்கும், ‘செய்கிறீர்களா’ பள்ளத்தில் கிடக்கும். பயிற்சி அவசியம் என்று எல்லோரும் சொல்வார்கள், கடைசியாக எப்போது ட்ரில்லில் (ஒத்திகையில்) கலந்துகொண்டீர்கள் என்றால் மேலே பார்ப்பார்கள்.

உங்கள் பதிவைப் படித்ததும் என் தாளை எடுத்துப் பார்த்தேன். திட்டம் இருக்கிறதா என்ற கேள்வி என் தாளிலும் இருக்கிறது. சாவி எங்கே என்ற கேள்வி இல்லை.

கோடிக்கரை_மணல் | அக்டோபர் 4, காலை 9:40

நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். வேதாரண்யம் வட்டாரத்தில் அரசுப் பணி. கஜா புயலைப் பற்றி எழுதினால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் கரை கடந்தது. எச்சரிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வானிலை மையம் நாள்கணக்காகச் சொன்னது, நாகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், கடலுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாங்களும் ஸ்டாக் எடுத்தோம். தையல் நூல், சலைன், பேண்டேஜ், டி.டி. ஊசி. டார்ச்சுக்குப் பேட்டரிகூட வாங்கினோம். எல்லாம் மூன்று நாள் கணக்கு.

இரவு காற்று அடித்தது பற்றி நான் சொல்ல வேண்டாம், இங்கே பாதிப் பேர் அனுபவித்திருப்பீர்கள். நடுவில் திடீரென்று அடங்கியது. முடிந்தது என்று கதவைத் திறந்தவர்கள் உண்டு. அது புயலின் கண். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது.

அன்று இரவு காயம்பட்டு வந்தவர்கள் கொஞ்சம்தான். ரோட்டிலெல்லாம் தென்னையும் புளியமரமும் கிடக்க எப்படி வருவார்கள்? விடிந்த பிறகுதான் தொடங்கியது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் கிழித்தவர்கள், ஓடு மாற்ற ஏறி விழுந்தவர்கள், சாய்ந்த மரத்தை அறுக்கும்போது கிளை திமிறி அடித்தவர்கள், பாம்பு கடித்தவர்கள். இதெல்லாம் ஓரளவு எதிர்பார்த்ததுதான். இரண்டாம் நாளிலிருந்து வந்த கூட்டம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. “சார், சுகர் மாத்திரை தண்ணியோட போச்சு.” “பிரஷர் மாத்திரை எந்த நிறம்னு தெரியலை, சின்னதா இருக்கும்.” வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, மனநல மாத்திரை. எங்கள் பேரிடர் ஃபைல் வெட்டுக்காயத்துக்குத் தயாராக இருந்தது. வந்தவர்கள் கேட்டது மெட்ஃபார்மின், சுகர் மாத்திரை.

கரண்ட் வாரக்கணக்கில் இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாதபோது இன்சுலினை என்ன செய்வது என்று ஒரு பெரியம்மா கேட்டார். மண்பானையில் தண்ணீர் ஊற்றி, நனையாமல் ஒரு டப்பாவில் மருந்தை மூடி, உள்ளே வைத்து நிழலில் வையுங்கள் என்றேன். பானையும் உடைந்துபோச்சே தம்பி என்றார்.

இன்னொன்று. மருத்துவமனை கேட்டைத் திறக்க முடியாமல் ஒரு வேப்பமரம் விழுந்து கிடந்தது. உள்ளே அறுவைச் சிகிச்சைக் கத்தி இருக்கிறது, வெளியே மரம் அறுக்க ஒரு அரிவாள் இல்லை. பக்கத்துத் தெருக்காரர் கொண்டுவந்த மெஷினில்தான் அறுத்தோம். உங்கள் பேரிடர் பட்டியலில் மரம் அறுக்கும் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பெட்ரோலும்.

ஜெனரேட்டர்_ரூம் | அக்டோபர் 4, பகல் 1:05

எப்போதும் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன், ஒப்பந்த வேலை. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், வருஷா வருஷம் மாக் ட்ரில் நடக்கிறது. ஒரு தடவைகூட எங்களைக் கூப்பிட்டதில்லை. ‘லிஃப்டை ஆஃப் பண்ணு’ என்று போன் வரும், பண்ணுவோம். ‘ஆன் பண்ணு’ என்று வரும், பண்ணுவோம். போட்டோவில் யூனிஃபார்ம் போட்டவர்கள் நிற்பார்கள்.

சாவியைப் பற்றி எழுதியிருப்பதால் சொல்கிறேன். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது திமிரில் இல்லை. டீசல் குறைந்தால் எங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். அதுதான் காரணம்.

பாமணிக்கரை | அக்டோபர் 4, பகல் 1:30

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அந்த எலக்ட்ரீஷியன் மேல் ஒரு வாரமாகக் கோபமாக இருந்தேன்.

மேனிஃபோல்டு | அக்டோபர் 4, மாலை 5:20

பயோமெடிக்கல் என்ஜினியர். ஜெனரேட்டர்_ரூம் அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. பல இடங்களில் வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவார்கள். லோடு கொடுக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டுவது தூங்குகிறவனை ‘தூங்குகிறாயா’ என்று கேட்பது மாதிரி. ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டினால்தான் தெரியும். அவசர நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாததற்குப் பாதி சமயம் என்ஜின் காரணமே இல்லை, ஸ்டார்ட் செய்கிற பேட்டரி செத்திருக்கும்.

அடுத்து ஆக்சிஜன். செவிலியர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. பெரிய டி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 7000 லிட்டர். சின்ன பி டைப் சுமார் 1500. ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பெரியது பதினொன்றரை மணி நேரம் வரும், சின்னது இரண்டரை மணி நேரம். அடடே, நிறைய இருக்கிறதே என்று தோன்றும். அதே 10 லிட்டர் பத்துப் பேருக்கு ஓடினால் பெரிய சிலிண்டர் ஒன்று ஒரு மணி பத்து நிமிடத்தில் காலி. ராத்திரி ரோடு மறித்துவிட்டது, காலை பத்து மணிக்குத்தான் லாரி வரும் என்றால் எத்தனை வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கான்சன்ட்ரேட்டரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்கும் கரண்ட் வேண்டும்.

டயாலிசிஸ் இருக்கிற இடம் என்றால் தண்ணீர். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் ஓட்டச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் போகும். ஆர்.ஓ.வில் வீணாகிற தண்ணீர் தனி. மோட்டார் ஓடவில்லை என்றால் மெஷின் இருந்தும் பயனில்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் போன் நம்பரைத் தாளில் எழுதி வைத்து, புயல் செய்தி வந்தவுடன் கூப்பிட்டு ஒருநாள் முன்னதாகவே முடித்து அனுப்பலாம். செலவே இல்லாத வேலை.

2015 சென்னை வெள்ளத்தில் மருத்துவமனை ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கியதை எல்லோரும் படித்தோம். படித்த பிறகும் நம் ஊரில் புதிதாகக் கட்டுகிற இடங்களில் ஜெனரேட்டரைத் தரைமட்டத்தில், அதுவும் வாய்க்கால் பக்கத்துச் சுவரோரம் வைக்கிறார்கள். சத்தம் கேட்கக் கூடாதாம்.

மட்டுறுத்துநர் | அக்டோபர் 4, மாலை 6:00

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: யாரும் தாங்கள் வேலை செய்கிற மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம். இரண்டு பின்னூட்டங்களை அதனால் நீக்கியிருக்கிறேன்.

சீமாங்க்_சீதா | அக்டோபர் 4, இரவு 8:10

அவசரத்தை ஊழியர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி மைக்கில் சொல்கிற ரகசியச் சொல்தான் கோடு. எங்கள் இடத்தில் ‘கோடு எல்லோ’ என்று சொன்னால் வெளியிலிருந்து கும்பலாகக் காயம்பட்டவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அதற்கு ‘கோடு ஆரஞ்சு’. அங்கே எல்லோ என்றால் வேறு ஏதோ. புதிதாகச் சேர்ந்த பெண் போன மாதம் ‘கோடு பிங்க்’ கேட்டு பிரசவம் என்று நினைத்து லேபர் வார்டுக்கு ஓடினாள். குழந்தை காணாமல்போனால் சொல்கிற கோடு அது.

ஷிஃப்டு_முடியல | அக்டோபர் 4, இரவு 8:25

‘தீப்பிடிச்சிருக்கு, எல்லாரும் வாங்க’ என்று தமிழில் சொன்னால் ஆயாவுக்கும் புரியும், நோயாளி கூட வந்தவருக்கும் புரியும். நோயாளிகள் பயந்துவிடக் கூடாது என்றுதானே கோடு? புகை வந்தால் பயப்படத்தானே வேண்டும்.

சிவப்பு_மண்டலம் | அக்டோபர் 4, இரவு 10:45

எமர்ஜென்சி மருத்துவர். கோடு விஷயத்தில் அரை மனதோடு உங்கள் பக்கம். நெரிசலான வார்டில் ‘தீ’ என்று கத்தினால் படிக்கட்டில் மிதிபட்டுச் சாவார்கள், அது ஒரு பக்கம். ஆனால் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் புரியாத கோடு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுத்தார்கள். தீயின்போது லிஃப்டில் ஏறக் கூடாது என்று நமக்குத் தெரியும். உடல்நிலை சரியில்லாத அம்மாவைப் பார்க்க வந்தவருக்கு அந்த நிமிடத்தில் யார் சொல்வது? லிஃப்ட் வாசலில் ஓடிப்போய் நிற்க வேண்டிய ஆள் யார் என்று உங்கள் ஷிஃப்டில் தீர்மானித்திருக்கிறீர்களா?

இன்னொரு விஷயம். டெல்டா என்றால் புயல், வெள்ளம் என்றே பேசுகிறோம். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1992 மகாமகத்தில் நெரிசல். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் தீ. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அதே வருடம் டிசம்பரில் சுனாமி. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர். கூட்டமும் பந்தலும் தேரும் இருக்கிற மண் இது. அடுத்த மகாமகம் 2028.

இப்படிக் கும்பலாக வரும்போது யார் முதலில் வருவார்கள் தெரியுமா? நடக்க முடிந்தவர்கள், பைக்கில் உட்கார முடிந்தவர்கள். அதாவது காயம் குறைந்தவர்கள். படுக்கை எல்லாம் அவர்களுக்குப் போய்விடும். அரை மணி கழித்து ஆம்புலன்ஸில் வருகிறவனுக்குத் தரை. அதனால்தான் வாசலிலேயே ஒருவர் நின்று பிரிக்க வேண்டும். இப்படிப் பிரிக்கிற ‘ஸ்டார்ட்’ என்ற முறை கஷ்டமே இல்லை. நடக்கிறவர் பச்சை, ஓரமாக உட்காரட்டும். நடக்காதவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போகாமல் இருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் சிவக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா. ஒன்று தவறினாலும் சிவப்பு. எல்லாம் சரியென்றால் மஞ்சள். மூச்சே இல்லையென்றால் தலையைச் சரித்துப் பாதையைத் திறந்து பாருங்கள். மூச்சு வந்தால் சிவப்பு, அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. பட்டை இல்லையா, பிளாஸ்டரில் மார்க்கரால் எழுதி மணிக்கட்டில் ஒட்டுங்கள்.

ஆய்வேடு_அவஸ்தை | அக்டோபர் 4, இரவு 11:05

சார், இதைக் கேள்வித்தாளில் எல்லோரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

சிவப்பு_மண்டலம் | அக்டோபர் 4, இரவு 11:12

எழுதுவார்கள் அம்மா. கறுப்புப் பட்டையைத் தாளில் ஒட்டுவது சுலபம். ஒரு அப்பா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து “டாக்டர் பாருங்க, டாக்டர் பாருங்க” என்று சட்டையைப் பிடித்து இழுக்கும்போது அடுத்த ஆளிடம் நகர வேண்டும். அதை ஒருமுறையாவது நடித்துப் பார்க்காதவர்களால் முடியாது. நடித்துப் பார்த்தவர்களுக்கும் கை நடுங்கும். எனக்கு நடுங்கியிருக்கிறது.

ஷிஃப்டு_முடியல | அக்டோபர் 5, அதிகாலை 3:35

பிரேக்கில் எழுதுகிறேன். இதுவரை கிண்டலாகத்தான் எழுதினேன், மன்னிக்கவும்.

கஜா அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். வீடு பேராவூரணியைத் தாண்டி. கூரை வீடு. மனைவிக்கு எட்டாவது மாதம், கூட அம்மா. சாயந்திரம் ஆறு மணிக்கு, போய் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டேன். போனால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இருந்தேன். ராத்திரி முழுக்க நோயாளிகளை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினோம், கண்ணாடி உடைந்து உள்ளே வந்தது. டவர் போய்விட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு விட்டார்கள். தென்னைமரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். எத்தனை மணி நேரம் என்று நினைவில்லை. வீடு இருந்த இடத்தில் அடுப்பும் கிரைண்டரும் இருந்தன. அவர்கள் பக்கத்து மாடிவீட்டில் இருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார்கள். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நடந்த அந்த நடை என் எதிரிக்கும் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தேன். அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

போன வருடம் இதே மாதிரி கேள்வித்தாள். ‘பேரிடரின்போது பணிக்கு வர விருப்பம்’, ஒன்றிலிருந்து ஐந்து. நான் இரண்டு போட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள், ஆனால் ஹெச்.ஆர். கூப்பிட்டு ஏன் இரண்டு போட்டாய் என்று கேட்டார்கள். இப்போது யார் கேட்டாலும் ஐந்து.

ஆய்வேடு_அவஸ்தை | அக்டோபர் 5, காலை 6:40

அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் தாளை நிர்வாகத்திடம் காட்டவே கூடாது. காட்டியிருந்தால் அது பெரிய தவறு.

கோடிக்கரை_மணல் | அக்டோபர் 5, காலை 8:15

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எங்கள் இடத்திலும் இதுதான் நடந்தது, பிடித்தம் மட்டும் இல்லை. பணியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உடம்பு இங்கே, மனசு வீட்டில்.

கஜாவுக்குப் பிறகு எங்கள் தலைமைச் செவிலியர் ஒரு ஏற்பாடு செய்தார். ஆட்களை இரண்டாகப் பிரித்தார். புயல் அன்று உள்ளே தங்குகிறவர்கள் ஒரு குழு. முந்தின நாள் மதியமே மாற்றுத் துணி, தங்கள் சொந்த மாத்திரை, சார்ஜர் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். மற்றவர்கள் வீட்டில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டு, காற்று ஓய்ந்ததும் வந்து இவர்களை மாற்ற வேண்டும். யார் எந்தக் குழு என்பதை அக்டோபரிலேயே எழுதிவிடுவார். கைக்குழந்தைக்காரர்கள், கர்ப்பிணிகள், தனியாக முதியவரை வைத்திருப்பவர்கள் முதல் குழுவில் வர மாட்டார்கள். தங்குகிறவரின் குடும்பம் கூரை வீட்டில் இருந்தால் அவர்களும் கூடவே வந்து புறநோயாளிகள் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். இதற்குத்தான் முதலில் பெரிய எதிர்ப்பு. மருத்துவமனை என்ன சத்திரமா என்றார்கள். அம்மா பக்கத்து ஹாலில் பாயில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு நர்ஸ் இரண்டு நாள் அசராமல் வேலை பார்ப்பாள். சத்திரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கொள்ளிடக்கரை_நர்ஸ் | அக்டோபர் 5, பகல் 12:10

கிராம சுகாதார செவிலியர், மயிலாடுதுறை மாவட்டம். மருத்துவமனைக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் வருகிறேன்.

எங்களுக்கு வெள்ளம் என்றால் மழையே வேண்டாம். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து சுமார் 2 லட்சம் கன அடி திறந்தார்கள். இங்கே வெயில் கொளுத்துகிறது, ஆனால் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் பக்கமெல்லாம் தண்ணீர். படகில்தான் ஆட்களை எடுத்தார்கள். கர்நாடகாவில் மழை என்று செய்தி வந்தாலே நான் கர்ப்பிணிப் பட்டியலை எடுத்துவிடுவேன். யாருக்கு எந்தத் தேதி, யாருக்கு முந்தின சிசேரியன், யாருக்கு பி.பி. எல்லாம் பிக்மியில், கர்ப்பிணிகளைப் பதிகிற அரசு இணையதளத்தில், இருக்கிறது. ஆனால் நெட் போய்விட்டால் பிக்மி எங்கே இருக்கும்? ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதுதான் என் பேரிடர் திட்டம்.

பட்டியல் போடுவதைவிட, முன்கூட்டியே கிளம்ப வைப்பதுதான் பாடு. “வலி வரட்டும் சிஸ்டர், போய்க்கலாம்.” “மாடு இருக்கு, யார் பாத்துக்குவா?” மாட்டுக்கு வழி சொல்லாமல் மாமியாரைக் கிளப்ப முடியாது, மாமியார் கிளம்பாமல் மருமகளைக் கூட்டிப்போக முடியாது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் மாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

தடுப்பூசி ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு வரி. கரண்ட் போனதும் பதறி ஐ.எல்.ஆரை (அந்தத் தடுப்பூசி ஃப்ரிட்ஜை) திறந்து திறந்து பார்ப்பதுதான் கெடுதல். மூடியே வைத்தால் குளிர் பல மணி நேரம் நிற்கும். 8 டிகிரியைத் தாண்டப்போகிறது என்றால்தான் கோல்டு பாக்ஸுக்கு (ஐஸ் பேக் வைக்கிற குளிர்ப்பெட்டிக்கு) மாற்ற வேண்டும். ஐஸ் பேக் முன்னாடியே உறைந்திருக்க வேண்டும், அதற்கு முந்தின நாளே நினைப்பு வர வேண்டும்.

பழைய_பதிவேடு | அக்டோபர் 5, இரவு 9:30

நாகப்பட்டினத்துக்காரன். மருத்துவமனை ரெக்கார்ட் செக்‌ஷனில் இருந்தவன், இப்போது ஓய்வு. யாரும் எங்களைப் பேரிடரோடு சேர்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். சிகிச்சை பற்றி டாக்டர்கள் சொல்லட்டும். நான் பார்த்தது தேடி வந்தவர்களை. வார்டு வார்டாக, சவக்கிடங்குக்கு, திரும்ப வார்டுக்கு என்று அலைந்தார்கள். ஒவ்வொரு செவிலியரையும் நிறுத்தி, ஒரு போட்டோவைக் காட்டி, இந்தப் பிள்ளையைப் பார்த்தீங்களா என்று கேட்டார்கள். செவிலியர் ஊசி போடுவாரா, போட்டோ பார்ப்பாரா?

அப்புறம்தான் பெயர், ஊர், வயது எழுதிச் சுவரில் ஒட்டத் தொடங்கினோம். பெயர் தெரியாதவர்களுக்கு உடை நிறம், காதில் என்ன போட்டிருக்கிறது, அடையாளம். தாளை ஒட்டியதும் வார்டுக்குள் கூட்டம் பாதியாகக் குறைந்தது. எல்லோரும் சுவர்ப்பக்கம் வந்துவிட்டார்கள். அந்தச் சுவர் வேலையை முதல் மணி நேரத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

ஒரு மேசை, ஒரு நோட்டு, நல்ல கையெழுத்து உள்ள ஒருவர், ஒரு பசை டப்பா. உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிவப்பு_மண்டலம் | அக்டோபர் 5, இரவு 9:55

ஐயா, நான் படித்த எந்தப் பாடத்திலும் பசை டப்பா இல்லை. நாளை என் துறைக் கூட்டத்தில் சொல்கிறேன்.

பாமணிக்கரை | அக்டோபர் 14, இரவு 10:20

பத்து நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாக் ட்ரில் நடத்தலாமா என்று கேட்டேன். நோயாளிகள் பயப்படுவார்கள், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். சரி என்று மேட்ரனிடம் (தலைமைச் செவிலியரிடம்) போனேன். அவர், “ட்ரில்னு சொல்லாதே, ஷிஃப்ட் மாத்தும்போது பத்து நிமிஷம் எல்லாரும் நில்லுங்கன்னு நான் சொல்றேன்” என்றார். எல்லாரும் என்றால் எல்லாரும். வாட்ச்மேன், ஆயா இரண்டு பேர், எலக்ட்ரீஷியன், கேன்டீன் மாஸ்டர், லேப் பையன்.

மூன்று கேள்விதான் கேட்டேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கவில்லை என்றால் யார் எங்கே ஓடுவது? ஆக்சிஜன் லைன் நின்றால் சிலிண்டர் யார் தூக்குவது? டவர் இல்லையென்றால் டாக்டரை யார் போய்க் கூட்டிவருவது?

முதல் கேள்விக்கே பத்து நிமிடம் போய்விட்டது. சிலிண்டர் திறக்கிற சாவி எங்கே என்று நர்ஸ் ஒருவருக்கும் தெரியவில்லை. மூத்த ஆயா போய் எடுத்துவந்தார். தொலைந்துபோகிறது என்று அவரே காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் முடிந்து கடைசி சிலிண்டரில் கட்டி வைத்திருக்கிறார், மூன்று வருடமாக. வாட்ச்மேன் அண்ணன் இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவராம். டீசல் லைனில் காற்று அடைத்தால் எடுக்கத் தெரியும் என்றார். எலக்ட்ரீஷியனே அவரை அன்றுதான் மரியாதையாகப் பார்த்தார். டாக்டர் வீடு எங்கே என்று கேன்டீன் மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும், டிபன் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

டீசல் பிரச்சினையை ஜெனரேட்டர்_ரூம் அண்ணன் எழுதியபடியே நேராகப் பேசினேன். எலக்ட்ரீஷியன் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவரே வழி சொன்னார். டீசல் டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டு, அந்தச் சாவி அவரிடம். அறைச் சாவி நர்சிங் ஸ்டேஷனில். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. பூட்டை நாங்களே காசு போட்டு வாங்கிவிட்டோம்.

ஷிஃப்டு_முடியல | அக்டோபர் 14, இரவு 10:48

அந்த மூன்று கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் சிஸ்டர். நாலாவதாக ஒன்று சேர்க்கிறேன். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள்?

ஆய்வேடு_அவஸ்தை | அக்டோபர் 14, இரவு 11:15

என் கைடு (ஆய்வு வழிகாட்டி) கேள்வித்தாளை மாற்றக் கூடாது என்றார், ஏற்கெனவே சோதித்துப் பார்த்த தாளாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் கேள்வியை மாற்றினால் எதோடு ஒப்பிடுவது? ஆனால் தாள் நிரப்பிய பிறகு ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போய், தீயணைப்பான் எங்கே, ஆக்சிஜன் வால்வு எங்கே, காட்டுங்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். டிக் ஒரு பத்தி, காட்டியது இன்னொரு பத்தி. வார்டு ஆயாக்களையும் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, தலைப்பில் ‘செவிலியர்’ என்று இருக்கிறதே என்றார். தலைப்பை மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

ஜெனரேட்டர்_ரூம் | அக்டோபர் 15, காலை 7:05

சந்தோஷம் சிஸ்டர். அறைச் சாவிக்கு இரண்டாவது சாவி அடித்தீர்களா? அப்புறம், அன்று ஏன் தானாகக் கிளம்பவில்லை என்று பார்த்தீர்களா? பேட்டரி மேல் தேதி ஒட்டியிருப்பார்கள்.

பாமணிக்கரை | அக்டோபர் 15, காலை 7:40

மூன்று சாவி அடித்தாயிற்று அண்ணே. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். பேட்டரியில் போட்டிருக்கிற தேதி 2019.